ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் 1500: உள்வேலையைத் திரும்பப் பூட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் கியர்பாக்ஸை வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்ற முடியாது. சீட்டுகளை எடுத்து, கார்பெட்டை உருவி, டேஷ்போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றி, நடுவில் மேடுபோல ஓடும் மூடியைத் தூக்கினால்தான் அது கண்ணிலேயே படும். அப்புறம் நாம் உட்காரும் இடம் வழியாகவே அதை வெளியே தூக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் சீட், கார்பெட், டேஷ்போர்டு, கதவு அட்டை என்ற உள்வேலையில் எதை ஒட்டலாம், எதை ஒட்டவே கூடாது, எதை முதலில் மாட்டுவது, எதைக் கடைசிக்கு விடுவது என்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதல் தடவை நான் இதை யோசிக்கவில்லை. வெல்டிங், பெயின்ட் எல்லாம் முடிந்து வண்டி பளிச்சென்று நின்றது. ஒரு சனி ஞாயிறுக்குள் உள்ளே உட்கார்ந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நடு மேட்டுக்கு மேல் கார்பெட்டைப் பசை போட்டு அழுத்தி ஒட்டினேன். அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் கிளட்ச் பேரிங் கத்த ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் வெளியே வர, புது கார்பெட்டைப் பட்டை பட்டையாகக் கிழித்தெடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவதற்கு ஏற்றபடியே மாட்டினேன். இங்கே எழுதுவது அந்த இரண்டாவது தடவையின் முறை.

ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரின் கேன்லி ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரானது. உருவம் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டியுடையது. அடியில் இருப்பது ட்ரயம்ப் ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்தது. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ஹெரால்டு பழக்கப்பட்ட பெயர். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் அங்கேயே அதைத் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. மூக்கோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் அந்தப் பெரிய பானெட்டைச் சின்ன வயதில் வாய்பிளந்து பார்த்தவர்கள், ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் திறந்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நான் சொல்வது 1974 கடைசியிலிருந்து வந்த 1493 சிசி எஞ்சின் கொண்ட 1500 மாடலை வைத்து. அதற்கு முன் வந்த மார்க் 4 வண்டிக்கும் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும். மார்க் 4க்கு முந்தைய மாடல்களில் மீட்டர்கள் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும், சீட்டும் வேறு. ஆனால் வேலையின் வரிசை மாறாது.

வாங்குவதற்கு முன்

வண்டியின் எண்கள் அடித்த கமிஷன் தகட்டைப் பாருங்கள். பெயின்ட் எண்ணுக்குப் பக்கத்தில் உள்வேலை நிறத்தின் எண்ணும் அடித்திருக்கும். 11 என்றால் கறுப்பு, 33 என்றால் பழுப்பு. தகடு தொலைந்திருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ, கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு விண்ணப்பித்தால் ஆலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். கட்டணம் உண்டு. சீட் கவர், கார்பெட், கதவின் உள்பக்க அட்டையான டோர் பேட் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் பணம் போடப் போகிறோம் என்பதால் அந்தக் கட்டணம் பெரிதில்லை.

சீட் துணியிலும் ஆண்டு வித்தியாசம் உண்டு. ஆரம்ப 1500 வண்டிகளுக்கு ரெக்சின். 1977 மாடல் முதல் நடுப்பகுதியில் ஹவுண்ட்ஸ்டூத் கட்டம் போட்ட நைலான் துணி வந்தது. அசல் வேண்டாம், எனக்குத் தோல் சீட்தான் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள், அது உங்கள் வண்டி. ஆனால் கதவு, சீட், டேஷ்போர்டுக்கு மேலுள்ள மெத்தை மூன்றையும் ஒரே கடையில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். கறுப்பில்கூட பத்து விதம் இருக்கிறது, வெயிலில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

கழற்றும்போதே மாட்டத் தொடங்கிவிட்டோம்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பொருளையும் எடுக்கும் முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம், ஒரு கை நீளம் தள்ளி நின்று ஒரு படம். தள்ளி நின்று எடுப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, இந்த ஸ்க்ரூ எந்த ஓட்டை என்று தேடும்போது பக்கத்தில் என்ன இருந்தது என்பதுதான் பதில் சொல்லும். ஸ்க்ரூ, கிளிப், வாஷர் எல்லாம் தனித்தனிப் பையில், பைக்கு மேல் பெயர்.

எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஊறி உப்பிய டோர் பேட்கூட ஓட்டைகள் எங்கே என்று சொல்லும் வரைபடம். கிழிந்த சீட் கவர் தையல் எங்கே ஓட வேண்டும் என்று காட்டும். இந்தக் காலத்து மாற்றுப் பொருட்கள் எல்லாமே அசல் அளவுக்குச் சரியாக வருவதில்லை. பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் புதியதைத் திருத்த முடியும். புது வேலை முடிந்து ஒரு கோடை, ஒரு மழைக்காலம் ஓடும் வரை பழையது பரணில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து வெப்பத் தடுப்பு அட்டைகளிலும் தளத்துக்கு அடிப்பூச்சாகப் போட்ட சில பொருட்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். சந்தேகமாக இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத் தொடுங்கள்.

தளம்

கார்பெட்டுக்கு அடியில் இருந்த பழைய சணல் விரிப்பு, ஈரத்தைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்திருக்கும். ஸ்பிட்ஃபயரின் தளம் துருப்பிடிப்பது பெரும்பாலும் மேலிருந்துதான். தளமும், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பக்கவாட்டுப் பகுதியான சில்லும் சேரும் ஓரம், சீட் போல்ட் இறங்கும் இடங்கள், சீட்டுக்குப் பின்னால் எழும் செங்குத்துத் தகடு ஆகிய மூன்று இடங்களிலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள்.

இந்த வண்டிக்கு சில் என்பது வெறும் ஒப்பனைத் தகடு இல்லை. சேஸிஸ் நடுமுதுகெலும்புபோல ஓடுகிறது, அதற்குப் பக்கவாட்டுச் சட்டம் கிடையாது. பாடியின் விறைப்பு சில்லில்தான் இருக்கிறது. பின்சக்கரத்தை நேராகப் பிடிக்கும் தண்டுகளும் பாடியோடுதான் சேர்கின்றன. அங்கே துருவை விட்டுவிட்டு மேலே கார்பெட் போட்டால் அழகான ஒரு ஆபத்தை உண்டாக்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

சீட் பெல்ட் மாட்டும் இடத்தைச் சுற்றி 30 செ.மீ. வரை தகடு உறுதியாக இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் வருடாந்தரத் தகுதிச் சோதனை பார்க்கும் விஷயம். 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது கடந்த வண்டிகளுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. அதனாலேயே நாமாகப் பார்க்க வேண்டிய பொறுப்பு கூடியிருக்கிறது.

துரு போன இடத்தில் எபாக்சி பிரைமர், சேர்க்கைகளில் சீம் சீலர், மேலே பெயின்ட். இது முடிந்ததும் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று: தளத்திலும் தூண்களிலும் இருக்கும் ஒவ்வொரு மரை ஓட்டையிலும் அதற்குரிய போல்ட்டைக் கையால் திருகி வையுங்கள். சீட் பெல்ட் போல்ட் 7/16 அங்குல யூ.என்.எஃப். என்ற நுண்மரை வகை. பிரைமரும் சீலரும் மரையை அடைத்திருந்தால் இப்போதே தெரிந்துவிடும். பின்னால் கார்பெட் போட்டதும், அந்த போல்ட்டின் தலை துணிக்கு அடியில் கைக்குத் தட்டுப்படும், ஓட்டை எங்கே என்று தேட வேண்டாம்.

தண்ணீர் விட்டுப் பாருங்கள்

உள்ளே வெறும் தகடாக இருக்கும்போது செய்ய வேண்டிய மிக முக்கியமான சோதனை இது. காலியாக இருக்கும் இந்த ஒரே சமயத்தில்தான் ஒழுகும் இடம் கண்ணுக்குத் தெரியும். முன்கண்ணாடியும் ஹூட் என்ற மடக்குத் துணிக்கூரையும் போட்டு, கதவை மூடி, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக நிதானமாகத் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் பக்கத் தடுப்புச் சுவரில் பயன்படாத ஓட்டைகளை அடைக்கும் ரப்பர் மூடிகள் காய்ந்து சுருங்கியிருக்கும். முன்கண்ணாடிச் சட்டம் பாடியில் உட்காரும் இடத்து ரப்பரும் அடிக்கடி விடும். சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்தால் நீர் ஓடிய தடம் தெளிவாகத் தெரியும்.

ஒழுகல் நிற்கும் வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். இதற்கு எனக்கு மூன்று வாரக் கடைசிகள் ஆயின. வீணான நாள் ஒன்றுகூட இல்லை.

சத்தமும் சூடும்

பியூட்டைல் ரப்பரும் அலுமினியத் தாளும் சேர்ந்த ஒட்டுவிரிப்பைத் தகட்டில் ஒட்டுவது தகட்டின் அதிர்வை அடக்கத்தான். தளம் முழுக்க ஓட்டை விடாமல் போர்த்த வேண்டியதில்லை. அகலமான தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்புக்கு ஒட்டினாலே தட்டும்போது ‘டங்’ என்ற ஒலி ‘டப்’ என்று மாறிவிடும். ஒட்டும் முன் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். சின்ன ரோலரால் அழுத்தித் தேயுங்கள். அடியில் காற்றுக்குமிழி இருந்தால் அங்கேதான் ஈரம் தங்கும். குளிர்நாளில் விரிப்பு மரக்கட்டைபோல இருக்கும், ஹேர் டிரையர் போட்டால் இளகும்.

அதற்கு மேல் வெப்பத்துக்கும் சத்தத்துக்கும் ஒரு மெத்தை வேண்டும். இங்கே பழைய சணல் விரிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். துளைகள் மூடிய, நீர் உறிஞ்சாத ஃபோம் போடுங்கள். திறந்த வண்டி இது, என்றைக்காவது நனையத்தான் போகிறது. எஞ்சின் பக்கத் தடுப்புச் சுவருக்குப் போட வேண்டியதை இப்போதே போட்டுவிடுங்கள். ஹீட்டர் மாட்டிவிட்டால் அந்த இடத்துக்குக் கை போகாது.

பின்பக்கத்தை மறக்க வேண்டாம். ஸ்பிட்ஃபயரில் உட்காரும் இடத்துக்கும் டிக்கியில் இருக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவே இருப்பது ஒரு அட்டை மட்டுமே. நான் அந்த அட்டையின் வடிவத்தில் மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி, ஓரம் முழுக்க சீல் வைத்து மாட்டினேன், முன்னால் அசல்போல ரெக்சின் அட்டை. பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பெட்ரோல் வாடை நின்றது, மனதிலும் ஒரு தைரியம் வந்தது.

ஹீட்டர், ஒயரிங், டேஷ்போர்டு

ஹீட்டரின் உள்ளே இருக்கும் சின்ன ரேடியேட்டரை மாட்டுவதற்கு முன் தண்ணீரில் மூழ்கடித்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டு போட்ட பிறகு ஒழுகினால் புதுக் கார்பெட்டில் பச்சைக் கூலன்ட் இறங்கும்.

ஒயரிங்கில் லூகாஸ் நிற முறை தெரிந்திருந்தால் போதும், பயமே வேண்டாம். பழுப்பு நிறம் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர் பெறும். பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் அப்புறம் வருவது. ஊதா, ஃபியூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருப்பது. கறுப்பு எர்த். நிறம் மங்கிய ஒயரைச் சந்தேகப்பட்டால் உறையை ஒரு இடத்தில் நறுக்கிப் பாருங்கள், உள்ளே நிறம் அப்படியே இருக்கும்.

1500இன் டேஷ்போர்டு மரத்தகடு ஒட்டிய பிளைவுட். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ஒவ்வொரு மீட்டருக்கும் விளக்குக்கும் தனி எர்த் ஒயர் போக வேண்டும். எல்லா எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, பெயின்ட் சுரண்டிய தகட்டில் இறுக்குங்கள். பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் ஏறி நின்றால் இரண்டு மீட்டரையும் குறை சொல்ல வேண்டாம். அவற்றுக்குச் சராசரி 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் என்ற சின்ன டப்பாவுக்கு எர்த் சரியாக இல்லை என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மரத்தைப் புதுப்பிப்பது எல்லோருக்கும் பிடித்த வேலை, கெடுப்பதும் அங்கேதான். மேலே இருக்கும் மரத்தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. மெஷின் வைத்துத் தேய்த்தால் அரை நிமிஷத்தில் அடியில் இருக்கும் பிளைவுட் தெரிந்துவிடும். பழைய வார்னிஷை ரசாயனம் போட்டு இளக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பிறகு 240, 400 எண் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். உரிந்த இடத்தில் பசையை ஊசியால் செலுத்தி, பிளாஸ்டிக் தாள் வைத்து, ஒரு இரவு கனமாக அழுத்தி வைக்கலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் புதுத் தகடு ஒட்டுவதுதான் நல்லது.

வார்னிஷ் ஐந்தாறு மெல்லிய பூச்சாக வர வேண்டும். மீட்டர் ஓட்டைகளின் உள்விளிம்பு, பலகையின் ஓரம், பின்புறம் மூன்றுக்கும் பூசுங்கள். ஈரம் அந்த வழியாக ஏறித்தான் மரத்தகடு உரிகிறது. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு வேண்டுமா? கடையில் கிடைக்கும் பல புதுப் பலகைகள் அப்படித்தான் இருக்கின்றன. இந்த வண்டிக்கு அடங்கிய பளபளப்புதான் பொருத்தம் என்பது என் கருத்து. வெயிலில் கண் கூசாது என்ற பயனும் உண்டு.

பலகையை வண்டியில் மாட்டும் முன், மேஜையிலேயே மீட்டர், சுவிட்ச் எல்லாம் பொருத்தி, ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டிக் கொள்ளுங்கள். மாட்டியதும் பேட்டரியை இணைத்து ஒவ்வொரு சுவிட்ச்சையும் போட்டுப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளின் கீழ்ப்பாதிக்குத்தான் கிரீஸ். மீட்டர் பக்கம் போட்டால் அது சுழன்று ஏறி மீட்டருக்குள் போய்விடும்.

நடு மூடி

அசல் மூடி அழுத்திய அட்டையால் ஆனது. ஐம்பது ஆண்டு எண்ணெயும் மழையும் குடித்து இப்போது அது அப்பளம்போல நொறுங்கும். பிளாஸ்டிக்கிலும் ஃபைபர்கிளாஸிலும் மாற்று கிடைக்கிறது. எதை வாங்கினாலும் முதலில் சும்மா வைத்துப் பாருங்கள், ஓரங்களைச் சீவ வேண்டிவரும். கியர் லீவரை எல்லாக் கியரிலும் போட்டு எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

தளத்தில் மூடி உட்காரும் ஓரம் முழுக்க ஃபோம் பட்டை ஒட்டுங்கள். ஸ்க்ரூ இறங்கும் கிளிப்களைப் புதிதாகப் போடுங்கள். ஓரிடத்தில் இடைவெளி விட்டாலும் எஞ்சின் சூடும் புகையும் நேராகக் காலுக்கு வரும். கோடையில் ஓட்ட முடியாத ஸ்பிட்ஃபயர் என்று பலர் அலுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இந்த ஓரம்தான் காரணம். சிலிகான் பூசி ஒட்டிவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம், இது மறுபடி கழற்ற வேண்டிய மூடி. அடியில் அலுமினியம் பூசிய வெப்பத் தடுப்பை ஒட்டுங்கள்.

கார்பெட்

பெட்டியிலிருந்து வந்த கார்பெட்டை ஒரு இரவு சூடான அறையில் தட்டையாக விரித்து வையுங்கள், மடிப்பு போகும். மறுநாள் பசையே இல்லாமல் எல்லாத் துண்டுகளையும் வண்டிக்குள் அடுக்கி, எது எதன் மேல் ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் படமெடுத்துக் கொள்ளுங்கள்.

சக்கர வளைவுகளுக்கு முதலில். நாலு பக்கமும் இழுபடும் ரெக்சின் வாங்கி, நடுவில் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடாக்கிச் சூடாக்கி ஓரத்துக்கு இழுத்தால் சுருக்கம் விழாது. பசை, சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும். இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்க்க வேண்டும். ஈரமாகச் சேர்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. கராஜ் கதவு திறந்திருக்கட்டும், அந்த வாடை தலையைச் சுற்றவைக்கும்.

பிறகு சீட்டுக்குப் பின்னால் உள்ள செங்குத்துத் தகடு, பின் தட்டு, சில்லின் உள்பக்கம். இவற்றையெல்லாம் ஒட்டலாம். நடு மூடிக்கு மேலும் கால் வைக்கும் தளத்துக்கும் பசையே கூடாது, அழுத்தி மாட்டும் டாட் பட்டன்தான். தளத்தில் ஆண் பகுதி, கார்பெட்டில் பெண் பகுதி. நனைந்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்து வெயிலில் போடலாம், கியர்பாக்ஸுக்கு வழி விடலாம்.

போல்ட் ஓட்டைகளை டிரில் போட்டுத் துளைக்காதீர்கள். டிரில் முனை ஒரு இழையைப் பிடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் கார்பெட்டில் நீளமாக ஒரு கோடு உருவிக்கொண்டு வந்துவிடும். கார்பெட்டை வெளியே எடுத்து, குறித்த இடத்தில் சூடான சால்டரிங் அயர்னால் உருக்கி ஓட்டை போடுங்கள், ஓரமும் பிரியாது. இதை வண்டிக்குள் செய்யவே கூடாது, பெட்ரோல் டேங்க் முழங்கை தூரத்தில் இருக்கிறது.

கடைசியாக ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி விடுங்கள். கார்பெட்டின் ஓரம் பெடலைத் தொடவே கூடாது. தொட்டால் வெட்டுங்கள்.

கதவு

கண்ணாடி ஏறி இறங்குவது, பூட்டு, கீழே நீர் வடியும் ஓட்டைகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தபின் கதவின் உள்தகட்டில் பாலித்தீன் தாள் ஒட்ட வேண்டும். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைநீரைக் கதவுக்குள்ளேயே கீழே அனுப்புவது இந்தத் தாள்தான். தாளின் கீழ் ஓரம் கதவின் உள்ளே போகும்படி செருகுங்கள், இல்லாவிட்டால் நீர் டோர் பேடில் வடியும். அட்டையைப் பலர் குறை சொல்கிறார்கள், பிழை பெரும்பாலும் கிழிந்துபோன அந்தத் தாளுடையது. புது அட்டையின் பின்புறத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்துவிட்டுப் பொருத்துங்கள்.

கைப்பிடி மாட்டுவதில் ஒரு நுணுக்கம். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால் சின்ன ஊசி போகும் துளை தெரியும். கைப்பிடியைச் செருகி, அழுத்திப் பிடித்தபடி ஊசியைத் தள்ள வேண்டும். இரண்டு பேர் இருந்தால் சுலபம்.

சீட்

உள்வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், ஒரு சீட்டுக்கு ஒரு நாள்.

பழைய கவரை அவிழ்த்ததும் ஃபோம் மஞ்சள் பொடியாக உதிரும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று கொக்கிகளால் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். அது விறைத்து வெடித்திருந்தால் எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் குழிக்குள் உட்கார்ந்ததுபோலத்தான் இருக்கும். புதுக் கவருக்குச் செலவழிப்பவர்கள் இதை மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை. சட்டத்தின் துருவை எடுத்து, வெல்டிங் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து, புது ரப்பரை மாட்டுங்கள். கடைசிக் கொக்கிக்கு நல்ல இழுவை வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோமைச் சட்டத்தில் வைத்து, கவரை மேலே போர்த்தி, நடுத் தையல் ஃபோமின் பள்ளத்தில் சரியாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் ரொட்டி வெட்டும் நீளக் கத்தியால் ஃபோமைச் சீவலாம். மெல்லிய பஞ்சு விரிப்பு ஒன்றை ஃபோமின் மேல் ஒட்டினால் மூலைகள் நிரம்பி நிற்கும்.

கவரை வெயிலிலோ ரேடியேட்டர் பக்கத்திலோ வைத்துச் சூடாக்குங்கள். ஃபோமுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் போர்த்திவிட்டு கவரை இழுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். இறங்கியதும் பையைக் கிழித்து உருவிவிடலாம். முதலில் நடுத் தையலை, அதன் அடியில் ஓடும் கம்பியோடு சேர்த்துச் சட்டத்தில் கட்ட வேண்டும். அப்புறம் முன்புறம், பின்புறம், கடைசியாகப் பக்கங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், இடம் ஒன்று வலம் ஒன்றாகக் கிளிப் போட்டு வாருங்கள். வளையக் கிளிப்புக்கென்று தனிக் குறடு இருக்கிறது, அதை வாங்குங்கள். எத்தனை தடவை கிளிப்பைக் கழற்றி மறுபடி இழுக்க வேண்டியிருந்தாலும் சலிக்காதீர்கள். ஊரில் ஒரு குஷன் கடையில் வயதான ஒருவர் ஒரே மூலைக்கு நான்கு தடவை கிளிப்பைப் பிரித்து இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மூலையில் சுருக்கம் என்ற பேச்சே இல்லை. மிச்சம் மீதிச் சுருக்கத்தை ஆவி அயர்ன் எடுத்துவிடும், ரெக்சினுக்கு மட்டும் நடுவே துணி வைத்து, தள்ளிப் பிடியுங்கள்.

சீட் ஓடும் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவி, தளத்தில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கார்பெட்டும் ஃபோமும் சேர்ந்து தளம் உயர்ந்திருப்பதால் சில சமயம் தண்டவாளம் உராயும். அப்போது கார்பெட்டை மட்டும் அந்த இடத்தில் வெட்டிவிட்டு, தண்டவாளம் தகட்டின் மேல் நேராக உட்காரும்படி செய்யுங்கள். மெத்தையின் மேல் இறுக்கிய போல்ட் நாளடைவில் தளரும்.

பெல்ட்டும் முதல் ஓட்டமும்

பழைய பெல்ட்டைத் துவைத்துத் திரும்ப மாட்டுவதை நான் ஏற்கவில்லை. வெயிலில் ஐம்பது ஆண்டு இருந்த நாடா அது. புது பெல்ட், புது போல்ட், ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்குரிய நெளி வாஷரும் இடைக்குழாயும். பெல்ட்டின் உலோக முனை போல்ட் இறுகிய பிறகும் சுலபமாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடுக்கு வரிசை தவறு.

கதவு ஓர ரப்பரை இப்போது அழுத்திப் பொருத்துங்கள். கதவு ஆரம்பத்தில் அடித்து மூட வேண்டியதாக இருக்கும். பூட்டின் கொக்கியை நகர்த்த அவசரப்படாமல் இரண்டு வாரம் கதவை மூடியே வையுங்கள், ரப்பர் படிந்துவிடும்.

பிறகு நூறு மைல் ஓட்டிவிட்டு வந்து சீட், பெல்ட், டேஷ்போர்டுச் சட்டம் மூன்றின் போல்ட்டுகளையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். ஒரு நல்ல மழையில் வெளியே நிறுத்தி, மறுநாள் காலை டாட் பட்டனைக் கழற்றிக் கார்பெட்டின் நான்கு மூலைகளையும் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை காய்ந்திருந்தால் பட்டனை மாட்டிவிட்டு ஓட்டக் கிளம்பலாம்.